எஞ்சின் எண்ணெயும் எங்கள் கிணறும்

யாழ்ப்பாணத்து வீதிகளிலே மொறிஸ் மைனர் கார்களும் ஒஸ்ரின் கார்களும் இன்றும் ஓடித் திரிகின்றன. அவற்றுட் பல அறுபது ஆண்டுகளைக் கடந்தவை. பிறந்த நாட்டிலே பெரும்பாலும் கண்காட்சிப் பொருளாகிவிட்ட இவ்வண்டிகள் இங்கே கலியாண வீட்டுக்கும் சந்தைக்கும் போய்வருகின்றன. இவற்றின் நீண்ட ஆயுளுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, சொந்தக்காரர் தம் கையாலேயே செய்துவந்த ஒரு சிறு கடமை. காலந் தவறாது எஞ்சின் எண்ணெயை மாற்றுவதே அக்கடமையாகும்.

2020ஆம் ஆண்டு தொடக்கம் 2025ஆம் ஆண்டின் முற்பகுதி வரை நமது நாட்டிற்குச் சொந்தப் பாவனைக்கான கார்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமை நேயர்கள் அறிந்ததே. இருக்கின்ற வண்டியைப் பேணிக்கொள்வதைத் தவிர வேறு வழி அன்று பலருக்கு இருக்கவில்லை. ஆகவே நம்மிடமுள்ள கார்கள் பல முதுமை எய்தியவை. முதிய வண்டிக்கு வேண்டிய இந்தப் பணிவிடையை வீட்டு வளவிலே எவ்வாறு செய்வது என்பதையும், செய்து முடித்தபின் கையில் எஞ்சும் பழைய எண்ணெயை என் செய்வது என்பதையும் பற்றி இன்று பேச விரும்புகின்றேன்.

பேச்சு வழக்கிலே நாம் ஒயில் என்று கூறும் இம்மசகெண்ணெய் எஞ்சினுள்ளே செய்யும் தொழில்கள் பலவாகும். ஒன்றோடொன்று உராயும் இரும்புப் பாகங்களுக்கிடையே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைக் குறைப்பது முதலாவது. வெப்பத்தை ஏந்திச் செல்வது இரண்டாவது. பிஸ்ரன் வளையங்களுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை அடைப்பது மூன்றாவது. கரியையும் அழுக்கையும் ஓரிடத்திற் படியவிடாது தன்னுள்ளே சுமப்பது நான்காவது. புதிய எண்ணெய் சில நாட்களிற் கறுத்துவிட்டதே என்று சிலர் கவலைப்படுவர். கருமை தோன்றியமையால் மட்டும் எண்ணெய் கெட்டதென்று கொள்ளலாகாது. எண்ணெயோடு சேர்க்கப்பட்டுள்ள கழுவு பொருள்கள் அழுக்கைப் பற்றிக்கொள்கின்றன என்பதற்கே அது அடையாளம். ஆயினும் சுமக்கும் ஆற்றலுக்கும் ஓர் எல்லையுண்டு. எல்லை கடந்தால் அழுக்குச் சேறுபோற் படிந்து எண்ணெய் செல்லும் துவாரங்களை அடைத்துவிடும்.

எண்ணெய்க்கு வேறும் இரு பகைகள் உண்டு. அவை நீரும் எரிபொருளுமாம். கடைத்தெருவரை சென்று உடனே திரும்பும் வண்டியின் எஞ்சின் நன்கு சூடேறுவதில்லை. எரிதலின்போது பிறக்கும் நீராவி உள்ளே குளிர்ந்து எண்ணெயோடு கலக்கின்றது. நெடுந்தூரம் ஓடினால் அந்நீர் ஆவியாகி வெளியேறிவிடும். சிறு பயணங்களில் அது உள்ளேயே தங்கிவிடும். ஆதலால் குறைவாக ஓடும் காருக்கும் எண்ணெய் மாற்றம் இன்றியமையாதது.

எரிபொருட் கலப்பினை வடபுலத்தார் அநுபவத்திற் கண்டவர்கள். 1990ஆம் ஆண்டின் பின்னர், பெற்றோல் வடக்கிற்கு வருவது தடைப்பட்டிருந்த காலத்திலே, சிறிது பெற்றோலைக் கொண்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் பெற்றோல்போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சிய பகுதி பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். அப்பொழுது அளவுக் கம்பியிலே எண்ணெய் மட்டம் குறைவதற்குப் பதிலாக உயர்ந்து நிற்கும். முகர்ந்தால் எரிபொருள் மணக்கும். இன்றும் உங்கள் காரில் இவ்வடையாளம் தென்படின், எண்ணெய் நிறைய இருக்கின்றதென்று மகிழாது, காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது? வண்டியுடன் வந்த கைநூல் கூறுவதே முதற் பிரமாணம். கைநூல் இல்லாத பழைய காருக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், இவற்றுள் எது முந்துகின்றதோ அதனைக் கொள்வது பாதுகாப்பானது. எண்ணெயின் தரமும் அவ்வாறே. 10டபிள்யூ-30 என்பன போன்று தகரத்திற் பொறித்திருக்கும் இலக்கங்கள் எண்ணெயின் பாகுத்தன்மையைக் குறிப்பன. முதலிலக்கம் குளிர்ந்த நிலையில் அது எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாவது இலக்கம் சூடான நிலையில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் காட்டும். தடித்த எண்ணெயே நல்லெண்ணெய் என்ற நம்பிக்கை நம்மிடையே உண்டு. புதிய எஞ்சின்களின் வழிகள் ஒடுக்கமானவை. அவற்றிலே தடித்த எண்ணெய் காலையில் உரிய இடத்தை அடையத் தாமதிக்கும். அத்தாமதமே தேய்மானம்.

இனிச் செய்முறைக்கு வருவோம். எஞ்சினை ஐந்து நிமிடமளவு ஓடவிட்டு நிறுத்துக. இளஞ்சூடான எண்ணெய் இலகுவாக வடியும். அழுக்கையும் உடன் கொண்டுவரும். கொதிக்கும் சூடு வேண்டாம், கை வெந்துவிடும். வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைத்தடையை இழுத்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். வண்டியை உயர்த்த வேண்டியிருப்பின் ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஜக் மாத்திரம் தாங்கிநிற்கும் வண்டியின் கீழே ஒருபோதும் நுழையலாகாது. ஜக் வழுக்கிய கணத்திலே விலகிக்கொள்ள எவராலும் இயலாது. உறுதியான இரும்புத் தாங்கிகளை வைத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பின்னரே கீழே செல்லுதல் வேண்டும்.

எண்ணெய் ஊற்றும் மூடியை மேலே திறந்துவிடுக. அடித்தட்டின் கீழே அகன்ற பாத்திரமொன்றை வைத்து, வடிக்கும் ஆணியைப் பொருத்தமான ஸ்பானரால் இடஞ்சுழியாகக் கழற்றுக. இறுதிச் சுற்றுகளைக் கையாற் சுழற்றும்போது ஆணியை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தால், எண்ணெய் முழங்கைவரை வழியாது. பழைய எண்ணெய் மீண்டும் மீண்டும் தோலிற் படுவது நன்றன்று; கையுறை அணிதல் நலம். கால் மணி நேரமாவது வடியவிட்டு, ஆணிக்குப் புது வொஷர் இட்டுப் பூட்டுக. இறுக்கும்போது வீரத்தைக் காட்டலாகாது. அடித்தட்டு அலுமினியமாயின் புரி உரிந்துவிடும்.

அடுத்தது பில்டர் என வழங்கும் வடிகட்டி. புதிய வடிகட்டியின் இறப்பர் வளையத்திலே சிறிது புது எண்ணெய் தடவி, கையாற் சுழற்றிப் பொருத்துக. வளையம் பொருந்தியபின் முக்காற் சுற்று இறுக்கினாற் பெரும்பாலும் போதும். இவ்விடத்தில் எனது தவறு ஒன்றைச் சொல்லிவைக்கின்றேன். பழைய வடிகட்டியைக் கழற்றியபோது அதன் இறப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றதை நான் கவனிக்கவில்லை. அதன்மேற் புதியதைப் பூட்டினேன். படலையைத் தாண்டுமுன் இரு வளையங்களுக்கிடையே பீறிட்ட எண்ணெய் நிலமெங்கும் கொட்டிற்று. எஞ்சினை உடனே நிறுத்தியமையால் அது தப்பியது. அன்றுதொட்டு அவ்விடத்தை விரலால் தடவிப் பாராது நான் வடிகட்டி பூட்டுவதில்லை.

சிறிய காருக்கு ஏறத்தாழ மூன்று தொடக்கம் நான்கு லீற்றர் எண்ணெய் வேண்டும். கைநூல் கூறும் அளவிற் சிறிது குறைவாக ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓட்டி, ஆணியிலும் வடிகட்டியிலும் கசிவுண்டோ என்று பார்க்க. நிறுத்திச் சில நிமிடங்களின் பின் அளவுக் கம்பியைத் துடைத்து விட்டெடுத்து, மேற்கோட்டை எட்டும்வரை சிறிது சிறிதாகச் சேர்க்க. அளவு மிஞ்சினால் சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையால் உராய்வைத் தடுக்க இயலாது. திகதியையும் கிலோமீற்றர்க் கணக்கையும் ஒரு கொப்பியிற் குறித்துவைத்தால் வண்டியின் வேலை முடிந்தது.

ஆனால் நமது வேலை முடியவில்லை. பாத்திரத்திலே கறுத்த எண்ணெய் நிற்கின்றது. அதனை வேலியோரத்தில் ஊற்றிவிடுவதும், கறையான் அரியாதிருக்கத் தூண்களுக்குப் பூசுவதும், புழுதி அடங்க ஒழுங்கையிலே தெளிப்பதும் நம்மவர் வழக்கங்கள். இவ்வழக்கங்களைக் கைவிட வேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.

குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்திற்கு இறைப்பதும் நிலத்தடி நீரே. அந்நீர் தங்குவது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலுமாகும். நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அக்கல்லின் கொடைகளே. மழைநீரை விரைவாக உள்ளே விடும் அதே வெடிப்பு, மேலே ஊற்றிய எண்ணெயையும் உள்ளே விடும். நம் வளவில் ஊற்றியது அயலவர் கிணற்றிற் சென்று சேரலாம். 2014, 2015ஆம் ஆண்டுகளிலே சுன்னாகத்திலும் அயற் கிராமங்களிலும் கிணற்று நீரில் எண்ணெய் கலந்திருப்பது பெரும் பிரச்சினையாக எழுந்தது. மக்கள் தம் முற்றத்துக் கிணற்றை விட்டு, வண்டியில் வந்த தண்ணீருக்குக் காத்திருந்தனர். மின்னுற்பத்தி நிலையமொன்றின் கழிவெண்ணெய் பற்றிய வழக்கிலே, பாதிக்கப்பட்ட கிணற்றுச் சொந்தக்காரருக்கு இழப்பீடு வழங்குமாறு 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின் நிலையத்தின் கழிவோடு நமது நான்கு லீற்றரை ஒப்பிட முடியாதெனச் சிலர் கூறலாம். ஒரு வீட்டுக் கணக்கில் அது சிறிதே. ஆயின் ஆண்டுக்கு இருமுறை ஊர் முழுவதும் ஊற்றினால் அது சிறிதாகாது.

ஆகையால் பழைய எண்ணெயைப் புது எண்ணெய் வந்த கொள்கலத்திலேயே ஊற்றி மூடுங்கள். பெற்றோலோ தண்ணீரோ அதனுடன் கலக்க வேண்டாம். வடிகட்டியையும் கவிழ்த்து வடியவிட்டு, அவ்வெண்ணெயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணெயைச் சேகரித்து அனுப்பும் சேர்விஸ் நிலையங்கள் உண்டு, அங்கே ஒப்படையுங்கள். பழைய எண்ணெயை மீளச் சுத்திகரித்துப் பயன்படுத்தவும், உயர்ந்த வெப்பமுள்ள சூளைகளில் எரிபொருளாக்கவும் முடியும்.

வீட்டிலே எண்ணெய் மாற்றுபவர் கூலியை மீதப்படுத்துகின்றார். தம் வண்டியின் உடல்நிலையையும் அறிந்துகொள்கின்றார். அவ்வறிவோடு ஒரு பொறுப்பும் அவர் கைக்கு வந்து சேர்கின்றது. அடுத்தமுறை எண்ணெய் வாங்கச் செல்லும்போது, பழைய எண்ணெய் நிரம்பிய கொள்கலத்தையும் மறவாது காரில் ஏற்றிச் செல்லுங்கள்.