மூட் பாயின்ட்டும் கீழ்பவானி வாய்க்காலும்

கோபியிலிருந்து பேசறேன். போன மாசம் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையால மாட்டிக்கிட்டேன். ஒரு டிசைன் பத்தி அமெரிக்க டீமுக்கு ‘இது மூட் பாயின்ட்’னு எழுதினேன். ‘இன்னும் பேசி முடிவெடுக்கணும்’ங்கறது என் அர்த்தம். அவங்களோ ‘இனிப் பேசிப் பயனில்லை’னு எடுத்துக்கிட்டு டிக்கெட்டை மூடிட்டாங்க. அவங்க மேல தப்பில்லைங்க. பிரிட்டிஷ் வழக்கில் முதல் அர்த்தம், அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டாவது.

இந்த மாதிரி சொற்களைத் தமிழில் ‘சர்ச்சைக்குரிய’னு ஒரே வார்த்தையில முடிச்சிடறோம். இங்கிலீஷில் அப்படி முடியாது. நம்மூர் உதாரணமே எடுத்துக்கலாம். பவானிசாகர் அணையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தரும் கீழ்பவானி வாய்க்கால். அதற்கு கான்கிரீட் போடும் திட்டம்.

ஊர் முழுக்க, பத்திரிகை முழுக்க வாக்குவாதம் நடந்தால் அது கான்ட்ரவர்ஷியல். திட்டத்துக்குள்ளே எந்த அம்சம் சண்டையைக் கிளப்புதோ, அது கன்டென்ஷியஸ். இங்கே அது கான்கிரீட். ஆளைச் சொன்னால் வித்தியாசம் இன்னும் தெளிவு: கான்ட்ரவர்ஷியல் ஆள் சும்மா இருந்தாலும் மத்தவங்க அவரைப் பத்திச் சண்டை போடுவாங்க. கன்டென்ஷியஸ் ஆள் தானே வம்புக்குப் போவார்.

‘கடைமடைக்குத் தண்ணி வரணும்’னு ஒரு பக்கம், ‘கசிவு நின்னா எங்க கிணறு வத்திடும்’னு இன்னொரு பக்கம். விவசாயிகளே ரெண்டாப் பிரிஞ்சு போராடினாங்க. அது டிவைசிவ். விஷயத்தை விட, அது மனுசங்களை என்ன செய்யுதுங்கறதைச் சொல்லும் வார்த்தை.

‘கசியற தண்ணி வீண்’னு ஒருத்தர் சொல்ல, ‘வீணில்லை, கிணத்துக்குத்தான் போகுது’னு இன்னொருத்தர் மறுத்தால், அந்தக் கூற்று டிஸ்ப்யூட்டட். குறிப்பிட்ட ஒரு கூற்று, அதை மறுக்கும் ஒரு தரப்பு, ரெண்டும் இருக்கணும்.

கான்கிரீட் போட்டா கிணத்து மட்டம் எவ்வளவு இறங்கும்? ரெண்டு பக்கமும் நியாயமா வாதிடலாம்னா அது டிபேட்டபிள். ஆனா மீட்டிங்கில் யாராவது ‘தட்ஸ் டிபேட்டபிள்’னு சொன்னா, ‘எனக்கு உடன்பாடில்லை’னு மரியாதையாச் சொல்றாங்கன்னு புரிஞ்சுக்குங்க.

எழுதறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: சண்டை எவ்வளவு பரவலா இருக்கு? எதைப் பத்தி? அது ஆட்களைப் பிரிக்குதா? வார்த்தை தானா வந்துடும். ‘மூட்’ மட்டும் வேண்டாமுங்க. நான் இப்ப ‘இன்னும் முடிவாகலை’னு நேராவே எழுதிடறேன். அந்த டிக்கெட்டும் திரும்பத் திறந்தாச்சு.

அடுத்த எபிசோடில் பார்க்கலாமுங்க.