ஊர் நீதியும் பொலிஸ் கடமையும்

வேலித் தகராறு, கொடுத்த கடன் திரும்பாமை, வாய்த்தர்க்கம் முற்றிக் கைகலப்பாதல் என்பன யாழ்ப்பாணக் குடாநாட்டின் எந்த ஊருக்கும் புதியவை அல்ல. ஆனால், இவ்வாறானதொரு பிணக்கு எழும்போது "பொலிஸுக்குப் போவதா, வேண்டாமா?" என்று பாதிக்கப்பட்டவரே தயங்கி நிற்கும் நிலை கவலைக்குரியது. இத்தயக்கம் எங்கிருந்து வருகிறது, அதனைப் போக்கும் வழி யாது என்பதை நாம் நிதானமாக ஆராய வேண்டியுள்ளது.

பல தசாப்தங்களாகக் குடாநாட்டு மக்கள் பொலிஸ் சேவையைத் தம்முடையதாகக் கண்டதில்லை. தமிழ் அரசகரும மொழியாக ஏற்கப்பட்டு ஆண்டுகள் பல கடந்தும், முறைப்பாட்டைத் தமிழில் முழுமையாகப் பதிவுசெய்யத்தக்க உத்தியோகத்தர்கள் போதியளவில் இல்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்கென வகுத்த பொலிஸ் அதிகாரங்கள் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. 2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டிப் பகுதியில் பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தபோது அது விபத்தெனவே முதலில் கூறப்பட்டது. பொலிஸாரின் துப்பாக்கிச் சூடு பின்னரே வெளிவந்தது. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸாரால் கைதுசெய்யப்பட்ட இளைஞர் ஒருவர் உயிரிழந்தமையும் அந்த ஆறாத புண்ணைக் கிளறிவிட்டது. மறுபுறத்தில், வாள்வெட்டுக் கும்பல்களும் போதைப்பொருளும் பெருகியபோது, பொலிஸார் போதாது என்று குறைகூறியவர்களும் இதே மக்கள்தான். இதில் முரண்பாடு எதுவுமில்லை. மக்கள் கேட்பது பொலிஸ் இல்லாத ஊரை அன்று, நம்பத்தக்க பொலிஸாரையே.

சிறு பிணக்குகளை ஊர்மட்டத்திலேயே தீர்த்துவைக்கும் ஏற்பாடு எமது நாட்டுக்குப் புதியதன்று. 1958ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் இயங்கிய இணக்க சபைகள் 1978இல் ஒழிக்கப்பட்டன. அரசியல் நியமனங்கள் அவற்றின் மதிப்பைக் கெடுத்திருந்தன. அப்படிப்பினையோடு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகள் தோற்றுவிக்கப்பட்டன. மத்தியஸ்தர்களை நியமிக்கும் பொறுப்பு தனியானதொரு ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. பயிற்சி பெற்ற தொண்டர்களான இவர்களுள் ஒருவரை ஒவ்வொரு தரப்பும் தெரிவுசெய்ய, தெரிவான இருவரும் மூன்றாமவரைத் தெரிவுசெய்வர். சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. தீர்ப்பு வழங்கப்படுவதுமில்லை, இரு தரப்பும் இணங்கினால் மாத்திரமே தீர்வு. இணங்காவிடின் அதற்கான சான்றிதழைப் பெற்று நீதிமன்றத்தை நாடலாம். பணச் செலவும் பகையும் ஒருசேரக் குறையும் வழி இது என்பதில் ஐயமில்லை.

எனினும், இதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை மறந்தால் ஊர் நீதியே அநீதியாகிவிடும். கணவனால் தாக்கப்பட்ட பெண்ணின் முறைப்பாடு "சிறுகாயம்" என்ற தலைப்பில் மத்தியஸ்தத்துக்கு அனுப்பப்பட்டு, "குடும்பம் பிரியக்கூடாது" என்ற புத்திமதியோடு அவள் மீண்டும் அதே வீட்டுக்கு அனுப்பப்படுவாளாயின், அது இணக்கமன்று. குற்றத்துக்குப் போடும் திரையே. சாதியாலோ செல்வத்தாலோ வலுவிழந்தவர் பெரியவர்களின் முன்னிலையில் வாய்திறக்க அஞ்சும் இடத்திலும் இதே ஆபத்து உண்டு. ஊரவர் தாமே சந்தேகநபரைக் கட்டிவைத்து அடிப்பதோ நீதி என்ற சொல்லுக்கே ஒவ்வாதது.

முஸ்லிம் மக்களுக்கு இவ்விடயம் மேலும் நெருக்கமானது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணிநேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள், நெடுங்காலத்தின் பின் சோனகத் தெருவுக்குத் திரும்பியபோது காணி எல்லைகளும் உரித்துகளும் சிக்கலாகியிருந்தன. ஆட்சியுரித்துக் கோரிக்கைகளால் இடம்பெயர்ந்தோர் பாதிக்கப்படாதிருக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது; காணிப் பிணக்குகளுக்கென விசேட மத்தியஸ்த சபைகளும் அமைக்கப்பட்டன. அயலவராகத் தொடர்ந்து வாழவேண்டிய தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மேசையில் அமர்ந்து பேசுவதற்கு இத்தகைய சபைகளை விடப் பொருத்தமான இடம் அரிது. ஆனால், அச்சபையில் இரு சமூகத்தாரும் மத்தியஸ்தர்களாக இருந்தால்தான் அதன்மீது நம்பிக்கை பிறக்கும்.

அவுஸ்திரேலியாவின் அனுபவம் இங்கு நினைவுகூரத்தக்கது. பூர்வீகக் குடிகளின் தடுப்புக்காவல் மரணங்களை ஆராய 1987இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு, 99 மரணங்களை விசாரித்து 1991இல் 339 பரிந்துரைகளை முன்வைத்தது. இதனையொட்டிய காலத்தில் பூர்வீகக் குடிகளின் சொந்த முயற்சிகளும் வளர்ந்தன. டெனன்ட் கிறீக் நகரில் அவர்களே நடத்திய இரவு ரோந்து, மதுபோதையிலிருப்போரைக் கைதுக்கு முன்னரே பாதுகாப்பாக வீடு சேர்த்தது. 2002இல் விக்ரோறியா மாநிலத்தில் தொடங்கிய கூரி நீதிமன்றில், குற்றத்தை ஒப்புக்கொண்டவரிடம் அச்சமூகத்தின் மூத்தோர் நீதவானுடன் அமர்ந்து பேசுகின்றனர். ஆயினும் தண்டனையை விதிப்பவர் நீதவானே. பாலியல் குற்றங்கள் அங்கு எடுத்துக்கொள்ளப்படுவதுமில்லை. இவ்வளவு இருந்தும், 1991க்குப் பின்னர் 500க்கு மேற்பட்ட பூர்வீகக் குடிகள் காவலில் உயிரிழந்துள்ளனர். பொலிஸும் சிறையும் மாறாதவரை ஊர் முயற்சி மாத்திரம் போதாது என்பதே இதன் பாடம்.

ஆகவே, குடாநாட்டில் செய்யவேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் தமிழில் முறைப்பாடு பதியப்பட வேண்டும். பெண்களின் முறைப்பாட்டைப் பெண் உத்தியோகத்தரே ஏற்க வேண்டும். காவலில் நிகழும் ஒவ்வொரு மரணமும் பொலிஸாருக்கு வெளியேயுள்ளவர்களால் விசாரிக்கப்பட வேண்டும். மத்தியஸ்த சபைகளில் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் இடம் வேண்டும். போதைக்கு அடிமையான பிள்ளையைக் குற்றவாளியாக அன்றி நோயாளியாகக் காணும் மனமும் ஊருக்கு வேண்டும்.

இணங்கிப் போகக்கூடியதை ஊர் தீர்க்கட்டும். இணங்கக்கூடாததைச் சட்டம் தீர்க்கட்டும். இவ்விரண்டையும் பிரித்தறியும் தெளிவும், சட்டத்தை நம்பி வருபவரை ஏமாற்றாத பொலிஸும் வாய்க்கும் நாளில், நிலையத்தின் வாசலில் எவரும் தயங்கி நிற்கமாட்டார்.