படர்தாமரையைப் பாதியில் விடாதீர்!

விடியுமுன்னே பால்மரக் காட்டில் இறங்கும் தொழிலாளர்க்கு வியர்வையும் ஈரமும் நாள்தோறும் உடன்வருவன. இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வட்டமாய்ப் படர்ந்து, ஓரம் சிவந்து, ஓயாது அரிக்கும் படர்தாமரை அந்த ஈரத்திலேயே செழிக்கிறது. இது புழுவன்று, இரத்தக் கேடுமன்று. ரொட்டியில் படர்வதைப் போன்ற ஒருவகைப் பூஞ்சணமே தோலின் மேற்பரப்பில் வளர்கிறது.

முன்னர்ச் சில வாரங்கள் களிம்பு பூசினால் நீங்கிய இந்நோய், இன்று சிலரிடம் மருந்துக்கு அடங்க மறுக்கிறது. இந்தியாவில் பெரிதும் பரவிய அத்தகைய பூஞ்சணம் ஒன்றிற்கு, 2020 ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் 'டிரைக்கோஃபைட்டன் இந்தோட்டினியே' எனப் பெயரிட்டனர். பின்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது காணப்பட்டது. வழக்கமான டெர்பினாஃபின் மருந்து இதனிடம் பலமுறை தோற்கிறது. பூட்டை மாற்றிவிட்டால் பழைய திறவுகோல் பயன்படுமா? அம்மருந்து தாக்கும் இடத்தையே இப்பூஞ்சணம் மாற்றிக்கொண்டுள்ளது.

இதற்குத் துணைபோவது நமது அவசரமே. மறைவிடத்து நோயைச் சொல்லக் கூசி, யாரோ கொடுத்த களிம்பைப் பூசுகிறோம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அரிப்பும் சிவப்பும் விரைவில் தணியும். பூஞ்சணமோ சாகாது, மேலும் பரவும். நாளடைவில் தோலும் மெலியும். அரிப்பு நின்றவுடன் மருந்தை நிறுத்துவதும் தவறே. எஞ்சிய பூஞ்சணம் மீண்டும் தலையெடுக்கும். மடியில் தவழும் குழந்தைக்கும் தொற்றும்.

ஆகவே, நாம் வேண்டுவன இவை:

1. கூச்சத்தை விட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இதுவரை பூசிய களிம்பின் குழாயையும் எடுத்துச் செல்லுங்கள். தோலின் செதிலைச் சுரண்டிச் சோதித்தால் நோய் இன்னதெனத் தெளிவாகும்.

2. இட்ராகோனசோல் போன்ற மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ணலாகாது. அவை கல்லீரலையும் இதயத்தையும் பாதிக்கக்கூடும். பிற மருந்துகளோடும் முரண்படும்.

3. மருத்துவர் குறித்த காலம் முழுவதும், தோல் தெளிந்த பின்னரும், மருந்தை விடாதீர்கள்.

4. வீட்டில் அரிப்புள்ள அனைவரும் ஒருசேரச் சிகிச்சை பெறுங்கள். ஒருவர் மட்டும் குணமடைந்தால் மற்றவரிடமிருந்து நோய் திரும்பும்.

5. துண்டையும் உடையையும் பகிராதீர்கள். வேலை முடிந்ததும் குளித்து, உடலை நன்கு துவட்டி, வெயிலில் உலர்ந்த உடையையே உடுத்துங்கள்.

உடுத்தும் துணியை ஒருநாளும் துவைக்காமல் விடாத நம் மக்கள், மருந்திலும் அதே ஒழுங்கைக் கடைப்பிடித்தால் இந்நோய் லயத்தை விட்டே அகலும்.