கூட்டுத்தொகை மறைக்கும் பிள்ளை

1984 டிசம்பர் 25. அமெரிக்காவின் பெர்க்லி நகரம் கிறிஸ்துமஸ் கொண்டாடிக்கொண்டிருந்தது. கரோல் கிரைடர் என்ற 23 வயது ஆராய்ச்சி மாணவி மட்டும் ஆய்வகத்துக்குப் போய், படச்சுருள் ஒன்றைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏணிப்படிகளைப் போல வரிசையாகக் கோடுகள் தெரிந்தன.

புடவை முந்தானை பிரியாமலிருக்க நூல்களை முடிந்து குஞ்சம் கட்டுவோம் அல்லவா? அதுபோல நம் குரோமோசோம்களின் நுனியிலும் ஒரு காப்பு உண்டு. அதன் பெயர் டெலோமியர். செல் பிரியும்தோறும் தேய்கிற அந்த நுனியை மறுபடி நீட்டித் தரும் நொதியின் கைவேலைதான் அன்று தெரிந்த கோடுகள். டெலோமியரையும், பின்னால் டெலோமரேஸ் என்று பெயர் பெற்ற அந்த நொதியையும் பற்றிய கண்டுபிடிப்புக்காக, 2009இல் எலிசபெத் பிளாக்பர்ன், ஜாக் சோஸ்டாக் ஆகியோருடன் கரோலும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதே கரோல் பள்ளியில் ஸ்பெல்லிங் வராத பிள்ளை. சிறப்பு வகுப்பில் உட்காரவைக்கப்பட்டவர். எழுத்துக்கூட்டிப் படிக்க வராததால் சொற்களை முழுசு முழுசாக மனப்பாடம் செய்து சமாளித்தவர். தான் ஒரு மக்கு என்றே அப்போது நினைத்திருந்தார். அவருக்கு இருந்தது டிஸ்லெக்ஸியா.

பெரிய திறமையும் பெரிய தடையும் ஒரே தலைக்குள் குடியிருக்கும் இத்தகையவர்களை ‘இரட்டைத் தனித்தன்மை’ கொண்டவர்கள் என்கிறார்கள் கல்வியியலாளர்கள். தடை என்பது டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம், கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏ.டி.எச்.டி.யாக இருக்கலாம், ஆட்டிசமாகவும் இருக்கலாம். இவர்களைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். சில பிள்ளைகளிடம் திறமை தடையை மூடிவிடும். சிலரிடம் தடை திறமையை மூடிவிடும். மூன்றாவது வகையில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒன்றில் 98, இன்னொன்றில் 38 வாங்குகிற பிள்ளையின் சராசரி 68. ‘சுமாராகப் படிக்கிற பையன்’ என்று வீடும் பள்ளியும் முடிவு கட்டிவிடுகின்றன. 98ஐப் பாராட்டவும் ஆளில்லை, 38க்குக் கைகொடுக்கவும் ஆளில்லை.

ஒரே மூளையில் இவ்வளவு மேடு பள்ளம் எப்படி? மனிதன் பேசத் தொடங்கிய காலத்தோடு ஒப்பிட்டால் எழுத்து நேற்று வந்த சங்கதி. ஏறக்குறைய 5,000 ஆண்டுப் பழக்கம். வாசிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஓர் இடம் கிடையாது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியில் ஒரு துண்டை, ஒவ்வொரு குழந்தையும் எழுத்துக்கென்று பழக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. எழுத்தையும் ஒலியையும் முடிச்சுப் போடும் அந்தப் பழக்கத்தில்தான் டிஸ்லெக்ஸியா இடறுகிறது. காரண காரியம் ஆராயும் திறனுக்கு அதனால் சேதமில்லை.

வாசிப்பில் மட்டுமல்ல, திட்டமிடுவதிலும் பள்ளம் இருக்கலாம். பள்ளி இருக்கும்வரை மணி அடிக்கிறது, கால அட்டவணை இருக்கிறது, எழுப்பிவிட அம்மா இருக்கிறார். கல்லூரி விடுதியில் இவையெல்லாம் ஒரே நாளில் காணாமல் போகின்றன. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்று திட்டமிடும் மூளையின் முன்பகுதியோ இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு அந்த முதிர்ச்சி சில ஆண்டுகள் பிந்தியே வருவதை மூளைப் படங்கள் காட்டியிருக்கின்றன. பள்ளியில் முதலிடம் பிடித்த பிள்ளை முதலாண்டிலேயே அரியர் வைப்பதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுமுன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் பள்ளிக்குப் பிறகு என்ன செய்வது? கரோலின் பாதையையே பார்க்கலாம். அவர் சேர்ந்தது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில், மாணவர்களைச் சீக்கிரமே ஆய்வகத்துக்குள் விடும் ஒரு சிறிய கல்லூரியில். பியட்ரிஸ் ஸ்வீனி என்ற விஞ்ஞானி அவருக்கு வழிகாட்டினார். ஓர் ஆய்வகம் ஒத்துவராவிட்டால் இன்னொன்று என்று மாறிப் பார்த்து, தன் கைக்கு எது வரும் என்பதைக் கண்டுகொண்டார். முனைவர் படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வில் மதிப்பெண் குறைந்தபோது பல கல்வி நிறுவனங்கள் கதவடைத்தன. இரண்டு மட்டும் திறந்தன: கால்டெக், பெர்க்லி. தேர்வுத்தாள் சொல்லாததைச் சொல்ல அவரிடம் ஆய்வக அனுபவம் இருந்தது.

மேட்டைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடு, பள்ளத்துக்கு முன்கூட்டியே பாலம் போடு என்பதுதான் இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. வகுப்பில் எத்தனை பேர், செய்முறைக்கு எவ்வளவு இடம், தடுமாறினால் போய்ப் பேச ஒரு பேராசிரியர் கிடைப்பாரா என்றும் விசாரிக்க வேண்டும்.

பாலத்துக்குச் சட்டமே கைகொடுக்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு. தேர்வில் சொல்வதை எழுத உதவியாளர், மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு மத்திய அரசின் நெறிமுறைகள் உள்ளன. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நரம்புக் கோளாறுள்ள ஒருவருக்குக் குடிமைப் பணித் தேர்வில் உதவியாளர் மறுக்கப்பட்டது. 40 சதவீதக் குறைபாடு இருந்தால்தான் அந்த உதவி என்று கறாராக நிற்கக் கூடாது என 2021இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

சலுகை கேட்பது அவமானம் என்று மறைக்கிற பெற்றோருக்கு இன்னொருவரையும் காட்டலாம். 2017இல் வேதியியல் நோபல் பெற்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஜாக் துபோஷே, தன் மாநிலத்தில் அதிகாரபூர்வமாகப் பதிவான முதல் டிஸ்லெக்ஸியாக்காரன் தான்தான் என்பதைத் தன் வாழ்க்கைக் குறிப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

மதிப்பீடு, சான்றிதழ், விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் அலைய நேரிடும். பிளஸ் டூ முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பத்தாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் அடுத்த முறை கைக்கு வரும்போது, கூட்டுத்தொகையை விரலால் மறைத்துக்கொண்டு மற்ற வரிகளைப் படியுங்கள்.