இரட்டை சிலிண்டர், பழைய முகம்: ரசிகர்கள் கேட்டதும் கிடைத்ததும்

தமிழ்நாட்டில் தயாராகும் மோட்டார் சைக்கிள்களில் ரசிகர்களை நெடுநாள் காக்க வைத்தது ராயல் என்பீல்டின் 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டி. 2017 நவம்பரில் இத்தாலியின் மிலான் கண்காட்சியில் இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 என்ற இரண்டு வண்டிகளை நிறுவனம் காட்டியது. ஓராண்டு கழித்து, 2018 நவம்பர் 14 அன்று அவை இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. அதே இன்ஜினில் பிறகு சூப்பர் மீட்டியோர், ஷாட்கன், பேர், கிளாசிக் என்று வரிசையாக வண்டிகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் வரும் முன்பு ரசிகர்கள் எதிர்பார்ப்பது ஏறத்தாழ ஒன்றேதான்: பழைய தோற்றம், அதிராத இன்ஜின், கைக்கு எட்டும் விலை, கட்டுக்குள் இருக்கும் எடை.

இந்த ஆசைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்பீல்டு 1960இல் 692 சிசி இன்டர்செப்டரைக் கொண்டுவந்தது. பின்னர் அது 736 சிசியாக வளர்ந்து, 1970இல் நின்றுபோனது. சென்னைக்கு வந்ததோ அந்தக் குடும்பத்தின் ஒற்றை சிலிண்டர் பிள்ளை மட்டும். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து உருவான என்பீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட்டைத் தயாரித்தது. இரட்டை சிலிண்டர் என்பது இங்கிருந்தவர்களுக்குக் காதால் கேட்ட கதையாகவே இருந்தது.

இந்தியச் சாலையில் இரட்டை சிலிண்டரை ஓரளவுக்காவது பரவலாகக் காட்டியது எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983இல் கொண்டுவந்த ராஜ்தூத் 350. அது யமஹாவின் ஆர்டி 350. 347 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின் 30.5 குதிரைத்திறன் தந்தது. பாய்ச்சலில் குறையில்லை, பெட்ரோல் குடிப்பதிலும் குறையில்லை. அந்தக் காலத்துக் குடும்பக் கணக்கில் அது நிற்கவில்லை. ஜாவா, யெஸ்டி வண்டிகளின் இரண்டு பக்கமும் நீண்ட சைலன்சரைப் பார்த்து அவையும் இரட்டை சிலிண்டர் என்று நம்பியவர்கள் நிறையப் பேர். அவற்றில் பரவலாக விற்ற 250 சிசி வண்டியில் சிலிண்டர் ஒன்றுதான்.

புல்லட் ஓட்டியவர்கள் புதிய வண்டியிடம் கேட்டது முதலில் வேகத்தை அல்ல. பழைய புல்லட்டில் எண்பதைத் தாண்டினால் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் அதிரத் தொடங்கும், கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று தெரியாது. ஒரே பெரிய பிஸ்டன் மேலும் கீழும் போய்வருவதன் விளைவு அது. அதே கொள்ளளவை இரண்டு சிறிய பிஸ்டன்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொன்றின் எடையும் குறையும், இன்ஜின் வேகமாகச் சுற்றலாம், மிஞ்சும் அதிர்வைச் சமன் செய்யும் தண்டு ஒன்று பார்த்துக்கொள்ளும்.

ஆனால் அதிர்வு போனால் ‘டப் டப்’ என்ற சத்தமும் போய்விடுமே என்ற கவலையும் அதே ஆட்களுக்கு இருந்தது. அதற்கான விடை கிராங்க் தண்டில் இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர்களில் பெரும்பாலும் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஒவ்வொரு 360 டிகிரிக்கும் ஒரு வெடிப்பு, சீரான இடைவெளி. 650இல் அப்படி இல்லை. ஒரு சிலிண்டர் வெடித்து 270 டிகிரி கழித்து அடுத்தது வெடிக்கும். அதன்பின் 450 டிகிரிக்கு ஓய்வு. இந்தச் சமமில்லாத இடைவெளிதான் சைலன்சரில் அந்தக் கனத்த, விட்டுவிட்டு வரும் முழக்கத்தைத் தருகிறது. 1960களின் இன்டர்செப்டருக்கு இந்தச் சத்தம் கிடையாது. பழமை என்று ரசிகர்கள் கொண்டாடும் இந்த ஒலி, 1995இல் யமஹாவின் டிஆர்எக்ஸ் 850 பிரபலப்படுத்திய அமைப்பிலிருந்து வந்தது என்பது ஒரு வேடிக்கை.

தோற்றத்தில் ரசிகர்கள் விட்டுக்கொடுக்காத ஒன்று, இன்ஜினைச் சுற்றி, காற்றில் அதைக் குளிர்விக்கும் அலுமினிய வரிகள். டிரையம்ப் தன் பான்வில் வண்டிகளை 2016இல் நீர்க்குளிர்ச்சிக்கு மாற்றி, ரேடியேட்டரைக் கண்ணில் படாதபடி ஒடுக்கி வைத்தது. ராயல் என்பீல்டு காற்றும் எண்ணெயும் குளிர்விக்கும் 648 சிசி இன்ஜினோடு நின்றுகொண்டது. 47 குதிரைத்திறன், 52 நியூட்டன் மீட்டர் இழுவை, ஆறு கியர். 47 என்பது தற்செயலாக வந்த எண் அல்ல. ஐரோப்பாவில் இளம் ஓட்டுநர்களுக்கான ஏ2 உரிமத்தின் உச்சவரம்பு 35 கிலோவாட். அதைக் குதிரைத்திறனில் சொன்னால் 47தான். காகிதத்தில் எண்ணைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் விலையைக் கேட்டதும் அடங்கிப்போனார்கள். 2018இல் இன்டர்செப்டரின் ஷோரூம் விலை 2.50 லட்சமாகவும் கான்டினென்டல் ஜிடியின் விலை 2.65 லட்சமாகவும் இருந்தது. அப்போது டிரையம்ப்பின் இரட்டை சிலிண்டர் வண்டிக்கு இந்தியாவில் சுமார் ஏழு லட்சம் வேண்டியிருந்தது.

இத்தகைய வண்டியின் குணம் தெரிய, திருவண்ணாமலையிலிருந்து செங்கம், ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலை போதும். பெங்களூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே ஓடும் வண்டிகளுக்கு இதுவே நேர்வழி. பௌர்ணமி நாட்களில் கிரிவலக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். கரும்பு டிராக்டரை ஒட்டிப் பின்னால் ஊர்ந்து, எதிரே வழி கிடைத்ததும் முந்த வேண்டிய சாலை இது. இங்கே உச்ச வேகம் எவருக்கும் பயன்படாது. கியரைக் குறைக்காமல் கைப்பிடியை முறுக்கியதும் வண்டி இழுக்க வேண்டும். 2,500 சுற்றிலேயே மொத்த இழுவையில் 80 சதவீதம் கிடைக்கும் என்று நிறுவனம் சொன்னதன் பொருள் இதுதான்.

செங்கத்துக்கு வடக்கே ஜவ்வாது மலைக்குத் திரும்பினால் கதை மாறும். கொண்டை ஊசி வளைவில் வண்டி இரண்டாம் கியரில் தவழும்போது, மேலிருந்து பஸ் இறங்கி வந்தால் நிறுத்தியாக வேண்டும். சரிவில் ஒற்றைக் காலை ஊன்றி நிற்கும் அந்த நிமிடத்தில் குதிரைத்திறன் உதவாது, எடைதான் பேசும். இன்டர்செப்டர் பெட்ரோல் இல்லாமலே 202 கிலோ. பஞ்சரானாலும் அதே பாடு. ஆரம்பகால 650களின் அழகான ஸ்போக் சக்கரத்தில் டியூப் இருந்தது. சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூபை உருவி ஒட்டு போட வேண்டும். டியூப்லெஸ் டயரானால் ஆணியைப் பிடுங்கி ரப்பர் திரியைச் செருகிவிட்டுக் கிளம்பலாம். ரசிகர்கள் நெடுநாள் முறையிட்ட பிறகு, 2023இல் இன்டர்செப்டரின் சில வண்ணங்களுக்கு அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் வந்தன.

எடை விஷயத்தில் மட்டும் வண்டிகள் எதிர்த்திசையில் போயிருக்கின்றன. சூப்பர் மீட்டியோர் 241 கிலோ. 2025 மார்ச்சில் 3.37 லட்சத்துக்கு வந்த கிளாசிக் 650, பெட்ரோலோடு 243 கிலோ. பெட்ரோல் நிரப்பிய இன்டர்செப்டரோடு ஒப்பிட்டால் அரை மூட்டை சிமென்ட்டை டேங்க் மேல் ஏற்றிய மாதிரி. அகன்ற மட்கார்டு, உலோக டேங்க், முகப்பு விளக்கின் மேல் பழைய மூடி என்று ரசிகர்கள் கேட்ட ஒவ்வொன்றும் கிலோவாகத்தான் வந்து சேர்ந்தது. பழைய முகத்தையும் கேட்டு, இலேசான உடம்பையும் கேட்டால் இந்த விலையில் இரண்டும் கிடைப்பது கடினம்.

விலையும் முன்போல் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது; அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆக உயர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் மிலானில் புல்லட் 650 காட்டப்பட்டபோது, ரசிகர்களின் பேச்சு சத்தத்திலிருந்து விலைக்கு நகர்ந்திருந்ததில் வியப்பில்லை.

நெடுஞ்சாலைக்கு மட்டும் வண்டி தேடுபவருக்கு கிளாசிக்கின் கனம் பாதகமில்லை. காற்றில் அசையாமல் நிற்கும். மலையடிவாரத்தில் வீடு இருந்து, தெருமுனையில் தினமும் திருப்ப வேண்டியவருக்கு இன்டர்செப்டரே இன்னும் சரியான தேர்வு. எதுவானாலும் முன்பணம் கட்டும் முன், இன்ஜினை அணைத்துவிட்டு, மேட்டில் பத்தடி பின்னோக்கித் தள்ளிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.