கணினித் தொழிலாளரின் முறையீடு

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நமது காரியாலயத்திற்கு ஓர் இளைஞர் வந்திருந்தார். நமது நண்பர் ஒருவரின் மைந்தர். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஒரு மென்பொருள் கம்பெனியில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். குடும்பச் சொத்துப் பத்திரம் ஒன்றைப்பற்றி நம்மிடம் யோசனை கேட்கவே அவர் வந்தார். ஆனால் அவர் நம்முடன் இருந்த ஒரு மணி நேரத்தில் அவருடைய கைப்பேசி பதினொரு முறை ஒலித்தது. பதினொன்றும் கம்பெனி விஷயங்கள். "இன்று விடுமுறை நாள்தானே, தம்பி, அதைச் சற்று அணைத்து வைக்கலாகாதா?" என்றோம். "அணைக்கலாம், ஐயா. ஏன் அணைத்தாய் என்று நாளைக்குக் கேட்பார்களே" என்றார். பத்திரத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, அவருடைய தொழிலின் நிலைமையை விவரமாகக் கேட்டறிந்தோம். அதனை நேயர்கள் முன் வைப்பது நமது கடமையென்று கருதுகிறோம்.

'குளிரூட்டிய அறை, கைநிறையச் சம்பளம், வீட்டு வாசலுக்கு வந்து ஏற்றிச் செல்லும் வண்டி, இவர்களுக்கும் குறையுண்டோ?' என்று நேயர்களிற் பலர் கேட்கக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சம்பளம் நல்லது என்பதை அந்த இளைஞர் மறுக்கவில்லை. அவருடைய முறையீடு வேறு. வேலையை அறிந்தவனைக் கேளாமல், அவனுடைய வேலைக்கு மற்றவர் விதி செய்கிறார்கள் என்பதே அது.

முதலில் அவர் சொன்னது கடவுச்சொல்லைப் பற்றி. அவருடைய கம்பெனியில் நாற்பத்தைந்து நாட்களுக்கு ஒரு முறை அதனை மாற்றியே தீரவேண்டும். எண் இருக்கவேண்டும், குறி இருக்கவேண்டும், முன்னர் வைத்த பன்னிரண்டில் ஒன்றாக இருத்தல் கூடாது. பலன் யாதெனில், பாதிப்பேர் மாதத்தின் பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்துக்கொள்கிறார்கள். மீதிப்பேர் காகிதத் துண்டில் எழுதி மேஜையறையில் வைக்கிறார்கள். மாதந்தோறும் பூட்டை மாற்றினால் வீட்டார் சாவியை நிலைப்படிமேல் வைக்கத்தான் செய்வர். இவ்விதி உலகெங்கும் பரவியதற்கு, அமெரிக்க அரசாங்கத்தின் தர நிர்ணய நிலையம் முன்னர் வெளியிட்ட ஓர் யோசனை நூல் பெரிதும் காரணமாயிற்று. அந்நிலையமே 2017ஆம் ஆண்டில் தன் கருத்தை மாற்றிக்கொண்டு, காரணமின்றிக் காலந்தோறும் மாற்றச் சொல்லலாகாது என்று அறிவித்தது. முதல் நூலை எழுதிய பில் பர் என்பவரும், தாம் கூறியவற்றிற் பெரும்பகுதிக்காக இப்பொழுது வருந்துவதாக அதே ஆண்டில் ஒரு பத்திரிகையிடம் மனம் திறந்து சொன்னார். விதியை எழுதியவர் வருந்திவிட்டார். அதனைப் பிடித்துக்கொண்டிருக்கும் கம்பெனிகளோ இன்னும் விடுவதாயில்லை.

அடுத்தது பச்சை விளக்கு. கம்பெனியாரின் உரையாடற் செயலியில் ஒவ்வொருவர் பெயருக்கும் அருகே ஒரு பச்சைப் புள்ளி எரிகிறது. சில நிமிஷங்கள் விசைப்பலகையைத் தொடாவிட்டால் அது மஞ்சளாகிவிடும். காகிதமும் பேனாவும் எடுத்து ஒரு சிக்கலை ஆழ்ந்து யோசிப்பவன் சோம்பேறி. வெறுமனே விசைகளைத் தட்டிக்கொண்டிருப்பவன் உழைப்பாளி! நாம் வக்கீல் தொழில் நடத்திய நாட்களில், கடினமான வழக்குகளுக்கு வழி தோன்றியது பெரும்பாலும் கோர்ட்டிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போதுதான். அந்த நடைக்குப் பச்சை விளக்கு ஏது? இவ்விளக்கை ஏமாற்றுவதற்கென்றே, கணினியின் சுட்டியைத் தானே அசைத்துக்கொண்டிருக்கும் சிறு கருவிகள் கடைகளில் விற்கின்றன. வேலை செய்வதாகப் பாசாங்கு காட்டினர் என்று அமெரிக்க வங்கியொன்று 2024ஆம் ஆண்டில் ஊழியர் சிலரை நீக்கியதும் செய்தியாக வந்தது. வஞ்சனையை நாம் ஆதரிக்கவில்லை. ஆயினும் வேலையை அளவாமல் விரலசைவை அளக்கும் எஜமானர், விரலசைவையே கூலிக்குப் பெறுவார் என்பதில் ஐயமென்ன?

பதினைந்து நிமிஷக் கூட்டம் ஒன்றரை மணி நேரம் நீளுவதும், வாடிக்கைக்காரர் முன் பேசிக்கொண்டிருக்கையிலேயே கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அணைந்துபோவதும் சிறு தொல்லைகள். அவற்றைச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் தம் தாயாரைப்பற்றிச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அந்த அம்மையார் ஓய்வூதியம் பற்றி ஒரு சந்தேகம் கேட்க வங்கிக்குத் தொலைபேசினால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று இயந்திரக் குரல் சொல்லிக்கொண்டே போகிறதாம். மனிதக் குரல் வருவதேயில்லை. முடிவில் மகனுக்கே தொலைபேசுகிறார். "இவற்றைச் செய்வது எங்களைப் போன்றவர்கள்தான், ஐயா. செய்யுமுன் அம்மாவைப் போன்றவர்களை எங்களைக் கேட்க விடுவதில்லை, எங்களையும் ஒருவரும் கேட்பதில்லை" என்றார். இவ்வொரு வாக்கியத்தில் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது.

இனி, எல்லாவற்றிலும் பெரிய குறைக்கு வருவோம். அது வேலை நேரம். காலை பத்து மணிக்கு அமரும் அவர், இரவு பதினொன்றுக்குச் சில நாட்களில் எழுந்திருக்கிறார். நியூயார்க் நகரத்துக் கடிகாரம் நமக்கு ஒன்பதரை மணியோ பத்தரை மணியோ பின்னால் ஓடுவதால், அங்கே காலையாகும்போது இங்கே கூட்டம் தொடங்குகிறது. அவருடைய நான்கு வயதுப் பெண் குழந்தை வாரநாட்களில் தந்தையை விழித்த கண்ணோடு காண்பது அரிது. இவ்வளவும் செய்தபின், நேரப் பதிவேட்டில் அவர் நாளொன்றுக்கு எட்டு மணி என்றே எழுதவேண்டும். அதற்குமேல் எழுத அந்த ஏடு இடங்கொடாது. உழைப்பது பன்னிரண்டு, ஏட்டில் எட்டு.

சட்டம் அறிந்தவர் என்ற முறையில் இதனைக் கேட்டு நாம் திடுக்கிட்டோம். தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியிருக்கிறது. மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி. அதையும் சேர்த்து நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டலாகாது. நிர்வாகப் பதவியிலிருப்போருக்கு இச்சட்டம் செல்லாது. ஆகையால் ஒருவருக்கும் மேலாளரல்லாதவர்க்கெல்லாம் மேலாளர் பட்டம் சூட்டுவது மலிந்தால் அதில் வியப்பில்லை. எப்படியாயினும், ஏட்டில் எட்டு மணிக்குமேல் எழுதவே இடமில்லையென்றால் சட்டம் அங்கேயே உயிரிழக்கிறது. மீறல் இல்லை, மீறலுக்குச் சாட்சியும் இல்லை. உழைத்தவன் கையாலேயே பொய்க்கணக்கு எழுதப்படுகிறது.

இந்நிலையில், தேசத்தின் பெயரால் இன்னும் அதிகம் கேட்போரும் இருக்கின்றனர். கணினித் தொழிலின் முன்னோடியான ஸ்ரீ நாராயணமூர்த்தி, நாடு முன்னேற இளைஞர் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கவேண்டும் என்று 2023ஆம் ஆண்டு அக்டோபரில் கூறினார். 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் வேறொரு பெருங் கம்பெனியின் தலைவர் 90 மணி என்றார். இவர்களுடைய தேசபக்தியை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் சரித்திரத்தை நினைவூட்ட விரும்புகிறோம். 1919ஆம் ஆண்டில் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு வாரத்துக்கு 48 மணி என்று முடிவு செய்தபோது, பிரிட்டிஷ் இந்தியாவின் தொழிலாளிக்கு 60 மணி என்று தனி விதி வைத்தது. 1922ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைகளில் அந்த 60ஐ அமல் செய்தது. 1934இல் அது 54 ஆயிற்று. 1946இல் 48 ஆயிற்று. அந்நிய ஆட்சியே ஆலைத் தொழிலாளிக்கு அறுபதுக்குமேல் ஆகாதென்று தடுத்த நாட்டில், சுதந்திரத்துக்குப்பின் எழுபதும் தொண்ணூறும் தேசத் தொண்டாகுமோ?

இம்மணிகள் தாமாகக் குறைந்தனவல்ல. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் நண்பகல் இடைவேளையின் குறுக்கத்தையும் மேஸ்திரிகளின் கொடுமையையும் முறையிட்டபோது, 1918ஆம் ஆண்டு ஏப்ரலில் ஸ்ரீ பி. பி. வாடியாவின் தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. திரு. வி. க. போன்ற தேசியவாதிகள் அவர்களோடு நின்றனர். 2023ஆம் ஆண்டு ஏப்ரலிலும் பன்னிரண்டு மணி வேலைக்கு இடந்தரும் மசோதா தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒருமுகமாய் எதிர்க்கவே, மே தினத்தன்று அது கைவிடப்பட்டது. கணினித் தொழிலாளரும் சங்கம் அமைக்கலாம் என்று மாநில அரசாங்கம் 2016ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. அவர்களிற் பெரும்பாலோர் தம்மைத் தொழிலாளர் என்று எண்ணத் தயங்குவதே குறை.

கம்பெனியார் தரப்பிலும் நியாயம் உண்டு. கடலுக்கப்பால் வாடிக்கைக்காரர் இருக்கும் தொழிலில் இரவு வேலை தவிர்க்கமுடியாதது; நள்ளிரவில் இயந்திரம் நின்றால் யாரேனும் விழித்திருந்தாகவேண்டும். ரயில்வேயிலும் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். ஆனால் அங்கே முறை உண்டு. மாற்று விடுப்பு உண்டு. நமது இளைஞரும், "இரவு வேலைக்கு நான் மறுக்கவில்லை. எந்த இரவு என்று முன்கூட்டிச் சொல்லட்டும், செய்ததைக் கணக்கில் எழுதட்டும்" என்றே சொன்னார். இதிலும் நியாயமான கோரிக்கை வேறென்ன இருக்கமுடியும்?

வேலை நேரத்துக்குப்பின் அழைப்பை ஏற்காதிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் தேசம் 2017 முதலும், ஆஸ்திரேலியா 2024 முதலும் சட்டமாக ஏற்றிருக்கின்றன. நமது மக்களவையில் 2018இலும் 2025இலும் இதற்காகத் தனி உறுப்பினர் மசோதா கொணரப்பட்டது. ஆனால் அவ்வகை மசோதா எதுவும் 1970க்குப்பின் பார்லிமெண்டில் நிறைவேறியதில்லை. ஆகவே அரசாங்கமே முன்வந்து இதனைச் சட்டமாக்கவேண்டுமென்று வற்புறுத்துகிறோம். நேரப் பதிவேட்டில் உண்மையை எழுத இடமளிப்பதும், விதி செய்யுமுன் வேலை செய்பவனைக் கேட்பதும் கம்பெனியாரின் கடமை. அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை.

தொழிலாளருக்கும் ஒரு வார்த்தை. பொய்க்கணக்கில் தனியொருவன் கையெழுத்திட மறுத்தால் அவன் வேலை போகும். ஆயிரம்பேர் ஒருங்கே மறுத்தால் ஏட்டை மாற்றியே தீரவேண்டும். பெரம்பூரில் எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் இதனை அறிந்திருந்தனர். உலகத்துக்கே கணக்குப் போட்டுத் தருபவர்கள், தம்முடைய கணக்கைத் தாமே நேராக எழுதும் நாள் எந்நாளோ?