நாய்க்கும் ஏனைய பிராணிகளுக்கும் காணும் சொறி நோய்: அறியும் வகையும் போக்கும் வகையும்

களத்து நெல்லையும் பட்டி ஆட்டையும் இரவெல்லாம் கண்விழித்துக் காப்பது நாய். அதற்குக் கூலியாக நாம் இடுவது ஒரு பிடி சோறு. எனினும் அதன் காதோரத்து உரோமம் உதிர்ந்து, தோல் தடித்து, அது ஓயாமல் சொறியத் தொடங்கினால் நம்மில் பலர் அதைத் துரத்துவதன்றி வேறொன்றும் அறிவதில்லை. "சொறி நாய்" என்பது நம்மவர் வாயில் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஆனால் இந்நோய் முற்றிலும் தீரக்கூடியது. அது தீராமல் நீடிப்பதற்குக் காரணம் மருந்தின் குறைவன்று. நோய் கண்ட ஒரு பிராணிக்கு மட்டும், ஒரே முறை மட்டும் மருந்திடும் வழக்கமேயாம்.

இதை நான் பிறர் தவறாக மட்டும் எழுதவில்லை. நான் இவ்வேலையில் அமர்ந்த புதிதில், ஒரு குடியானவர் தம் காவல் நாயைக் காட்டி, மோட்டார் வண்டியின் கழிவு எண்ணெயைப் பூசலாமா என்று வினவினார். ஊரார் பலரும் சொல்லக் கேட்டிருந்த நானும் தடை சொல்லவில்லை. நாய் தன் உடலை நக்கியது. இரண்டு நாளில் உணவை வெறுத்தது. வாந்தியும் பேதியும் கண்டு, வாரம் முடிவதற்குள் இறந்தது. அவ்வீட்டில் இருந்த வேறு இரண்டு நாய்களுக்கு ஒரு மருந்தும் இடப்படவில்லை. அடுத்த மாதம் அவ்விரண்டும் சொறி நாய்களாயின. அன்று எனக்குத் தெரியாதிருந்தவற்றையே இங்கு விவரிக்கின்றேன்.

நோயின் காரணம்

சொறி என்பது இரத்தக் கெடுதியாலோ உஷ்ணத்தாலோ உண்டாவதன்று. எட்டுக் கால்களையுடைய மிகச் சிறிய பூச்சியொன்று, உண்ணிக்கு உறவுடையது, தோலில் குடியேறுவதால் உண்டாவது. மனிதருக்கு வரும் சிரங்கு இத்தகைய பூச்சியாலேயே உண்டாகின்றதென்பதை 1687-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து வைத்தியரான போனோமோ என்பவரும், மருந்து வணிகரான செஸ்தோனி என்பவரும் பூதக்கண்ணாடியால் கண்டு வெளியிட்டனர்.

இப்பூச்சியில் பெண் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு அளவுடையது. அது மேல்தோலுக்குள் வளை தோண்டிச் சென்று, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டைகளாக அவ்வளையிலேயே இடுகின்றது. மூன்று முதல் ஐந்து நாளில் முட்டை பொரிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் குஞ்சு முதிர்ந்து தானும் முட்டையிடத் தொடங்கும். இக்கணக்கைக் குடியானவர்கள் மனத்தில் இருத்துதல் வேண்டும். நாம் இடும் மருந்துகளிற் பெரும்பாலானவை உயிர்ப் பூச்சியைக் கொல்லுமேயன்றி முட்டையைக் கொல்வதில்லை. ஆகையால் ஒருமுறை மருந்திட்டு, நமைச்சல் தணிந்ததென்று நிறுத்தினால், எஞ்சிய முட்டைகள் பொரித்து நோய் மீண்டும் தலையெடுக்கும். அப்போது மருந்து பயனற்றதென்று சொல்வது நியாயமன்று.

நாயில் காணும் குறிகள்

தொத்துச் சொறி முதலில் காதின் ஓரம், முன்காலின் முழங்கை, பின்காலின் முட்டு, வயிறு, மார்பின் அடிப்பாகம் ஆகிய உரோமம் குறைந்த இடங்களில் தோன்றும். சிறு சிவந்த கொப்புளங்களும், பின் மஞ்சள் நிறப் பொருக்குகளும் காணும். நமைச்சல் மிகக் கடுமையானது; நாய் இரவும் பகலும் உறங்காது சொறியும். நாளடைவில் தோல் யானைத் தோல்போல் தடித்துக் கறுத்துச் சுருங்கும், உடல் மெலியும், துர்நாற்றம் வீசும்.

வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு சோதனை உண்டு. நாயின் காது மடலின் ஓரத்தை விரல்களுக்கிடையே பிடித்து மெல்லத் தேய்த்தால், தொத்துச் சொறி கண்ட நாய்களிற் பெரும்பாலானவை அப்பக்கத்துப் பின்காலைத் தூக்கித் தாமே சொறிவதுபோல் ஆட்டும். இது நிச்சயமான சான்றன்று; ஆயினும் வைத்தியரிடம் செல்லப் போதிய காரணமாகும். அவர் தோலை எண்ணெய் தோய்த்த கத்தியால் சிறிது சுரண்டி எடுத்துப் பரீட்சிப்பார். அப்பரீட்சையில் பூச்சி பல சமயம் அகப்படாது; அதனால் மட்டும் நோய் இல்லையென்று முடிவு செய்தல் தகாது.

தொத்தாத சொறி

நாய்களுக்கு மற்றொரு வகைச் சொறியும் உண்டு. இதன் பூச்சி நீண்ட வடிவினது. உரோமக் கால்களுக்குள் வசிப்பது. தாய் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் முதற் சில நாட்களில் தாயிடமிருந்து குட்டிகளை அடைகின்றது. நல்ல தேகக்கட்டுடைய நாயில் அது தீங்கின்றியே இருக்கும். உடலின் காப்புச் சக்தி குறைந்த குட்டிகளில் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முன்கால்களிலும் வட்ட வட்டமாக உரோமம் உதிரும். தொடக்கத்தில் நமைச்சல் இராது, அல்லது சொற்பமாயிருக்கும். ஓரிரண்டு திட்டுக்கள் மட்டுமாயின் பெரும்பாலும் தாமே ஆறும். உடல் முழுதும் பரவி, சீழ் பிடித்தால் மாதக்கணக்கில் சிகிச்சை வேண்டும்.

இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி முதலிய நம் நாட்டு இன நாய்களைப் பெருக்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். இச்சொறி உடல் முழுதும் பரவிய நாயை, அது குணமடைந்த பின்னும், இனவிருத்திக்கு விடலாகாது. அக்குறைபாடு சந்ததிக்கும் செல்லக்கூடியது.

ஆடு, மாடு முதலியவற்றில்

வெள்ளாட்டில் சொறி முகம், காது, கண்ணோரம் ஆகியவற்றில் தொடங்கிக் கழுத்துக்கும் கால்களுக்கும் பரவும். கவனியாது விட்ட ஆடு மேய்ச்சலை விட்டுச் சுவரிலும் மரத்திலும் உராய்ந்துகொண்டே நிற்கும்; இளைத்து இறப்பதும் உண்டு. பிழைத்தாலும் தோலில் வடு நின்றுவிடும். ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களின் தோல் பதனிடும் சாலைகளில் வடுவுள்ள தோலுக்கு உரிய விலை கிடைப்பதில்லை. எருமைக் கன்றுகளில் குளிர்ந்த மாதங்களில் நோய் மிகும். முயலின் காதுக்குள் பொருக்கு அடுக்கடுக்காகப் படிவதும், பூனையின் காது நுனியிலும் நெற்றியிலும் சாம்பல் நிறப் பொருக்கு ஏற்படுவதும், கோழியின் காற்செதில்கள் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு பூத்தாற்போல் தடிப்பதும் இவ்வினப் பூச்சிகளின் செயலே.

ஒவ்வோர் இனப் பிராணிக்கும் பெரும்பாலும் தனித்தனிப் பூச்சி வகை உண்டு. நாயின் பூச்சி ஆட்டில் நிலைத்தல் அரிது, அறவே இல்லையென்பதற்கில்லை. ஆகவே பட்டியில் சொறி கண்டால் நாயின்மேல் பழி போடுமுன், சந்தையிலிருந்து அண்மையில் வாங்கிவந்த ஆட்டை முதலில் பார்க்கவும்.

சொறிபோல் தோன்றும் பிற

பேன், தெள்ளுப்பூச்சி, உண்ணி ஆகியவை கண்ணுக்குத் தென்படும். உரோமத்தைப் பிரித்துப் பார்த்தால் ஐயம் தீரும். படர்தாமரை வட்டமாக, ஓரம் தெளிவாக இருக்கும். அதற்கு மருந்து வேறு. தெள்ளுப்பூச்சியால் வரும் நமைச்சல் நாயின் இடுப்பிலும் வாலடியிலும் மிகும், காதோரத்தில் அன்று.

சிகிச்சை

முதலாவது, நோய் கண்டதைத் தனியே கட்டி, அதனுடன் பழகிய அதே இனப் பிராணிகள் அனைத்துக்கும், சொறி தென்பட்டாலும் தென்படாவிட்டாலும், ஒரே நாளில் மருந்திடவேண்டும். உரோமத்தைக் கத்தரித்து, இளஞ்சூடான சோப்பு நீரால் பொருக்குகளை ஊறவைத்துக் கழுவி உலர்த்துக.

எளிய மருந்து கந்தகம். மருந்துக் கடையிற் கிடைக்கும் சுத்தமான கந்தகப் பொடி 25 கிராமை 250 மில்லி புங்க எண்ணெயில் குழைத்து, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை, நான்கு வாரங்களுக்குக் குறையாமல் பூசவேண்டும். பயிருக்குத் தூவும் கந்தகத்தைப் பயன்படுத்தலாகாது. ஒரே வேளையில் உடல் முழுதும் பூசாமல் பாகம் பாகமாகப் பூசி, உலரும்வரை பிராணி நக்காதபடி பார்த்துக்கொள்க. நோய் சிறிதளவில் உள்ளபோது இது போதும்.

நோய் பரவியிருப்பின் கால்நடை மருந்தகத்தை நாடுக. ஐவர்மெக்டின் என்னும் மருந்து 1981-ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கென விற்பனைக்கு வந்தது. ஜப்பான் தேசத்து மண்ணில் ஓமுரா என்பவர் கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்ட இதன்பொருட்டு, அவரும் காம்பெல் என்பவரும் 2015-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஆடு மாடுகளுக்கு இதைத் தோலடியில் ஊசி மூலம் செலுத்துவர். 1 மில்லியில் 10 மில்லிகிராம் உள்ள மருந்தாயின் 50 கிலோ எடைக்கு 1 மில்லி என்பது மாட்டுக்குரிய அளவு. இதையும் ஏறக்குறைய 14 நாள் கழித்து மறுமுறை போடுதல் அவசியம். இம்மருந்து பாலில் கலக்குமாதலால், பால் கறக்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியர் உத்தரவின்றி இடலாகாது. இறைச்சிக்கு விற்பதற்குமுன் புட்டியில் குறித்த நாட்கள் கழியவேண்டும்.

மாட்டு மருந்தில் மிச்சத்தை நாய்க்குக் கண்ணளவாகப் போடுவது பெருந்தவறு. அதே கணக்கில் 10 கிலோ நாய்க்கு 0.2 மில்லியே ஆகும். 1 மில்லி செலுத்துவது ஐந்து மடங்கு. காலி இன நாய்களும் அவற்றின் கலப்புகளும் இம்மருந்தை மிகுதியாகத் தாங்கமாட்டா; மயங்கி இறத்தலும் கூடும். நாய்க்கென ஃப்ளூராலனர், சாரோலனர் முதலிய மாத்திரைகள் இப்போது உள்ளன. அவை இருவகைச் சொறிக்கும் நல்ல பலன் தருபவை. வலிப்பு வரும் நாயாயின் அதை வைத்தியரிடம் முன்கூட்டிச் சொல்லவேண்டும். எம்மருந்தாயினும் எடையறிந்தே கொடுக்கவேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று, பின் தனியே நின்று, இரண்டையும் கழித்தால் எடை கிடைக்கும்.

செய்யத்தகாதவை

கழிவு எண்ணெய், மண்ணெண்ணெய், பயிர்ப் பூச்சிமருந்துகள் ஆகியவற்றைப் பிராணியின்மேல் பூசவே கூடாது. அவை தோல் வழியாகவும் நாக்கு வழியாகவும் உட்சென்று விஷமாகும். அமித்ராஸ் என்னும் கழுவுமருந்தைக் குதிரைக்கும் கழுதைக்கும் பூனைக்கும் இடலாகாது. நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் பூனைக்கு யமன்.

இருப்பிடச் சுத்தம்

பிராணியின் உடலை விட்டு நீங்கிய பூச்சி, உலர்ந்த வெயிலில் சில நாட்களே வாழும். குளிர்ந்து ஈரித்த இடத்தில் இரண்டு மூன்று வாரமும் உயிர்தரிக்கக்கூடும். ஆகவே நாய் படுத்த சாக்கைக் கொளுத்துக; கழுத்துப் பட்டையையும் கயிற்றையும் கொதிநீரில் இடுக; பட்டியின் எருவை வாரிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, வெயில் புகச் செய்க. புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று நான்கு வாரம் தனியே வைத்துப் பார்த்தபின் மந்தையிற் சேர்க்கவும்.

மனிதருக்கு அபாயம் உண்டா?

சொறி நாயைத் தூக்கி விளையாடும் பிள்ளைகளின் கையிலும் வயிற்றிலும் சிவந்த தடிப்பும் நமைச்சலும் உண்டாவதுண்டு. நாயின் பூச்சி மனிதத் தோலில் பெருகமாட்டாது. நாய் குணமானால் சில வாரத்தில் இதுவும் நீங்கும். நீங்காவிடில் அது மனிதச் சிரங்காக இருக்கலாம், வைத்தியரிடம் காட்டுக. மருந்திடுவோர் கையுறை அணிந்து, பின் சோப்பினால் கழுவுக.

கிராம அதிகாரிகளுக்கு

உரோமமிழந்து மெலிந்த தெருநாயை "வெறிநாய்" என்று கூவி அடித்துக் கொல்லுதல் பல ஊர்களில் நிகழ்கின்றது. சொறி நாய் தன்னையே சொறிந்துகொண்டிருக்கும், உணவு உண்ணும், பழகியவரை அறியும். காரணமின்றிக் கடிக்கப் பாய்தல், வாயில் நீர் ஒழுகுதல், குரல் மாறுதல், தள்ளாடுதல் ஆகியவையே வெறிநோயின் அறிகுறிகள். அத்தகைய நாயை எவரும் அணுகாமல் உடனே கால்நடை வைத்தியருக்குத் தெரிவிக்கவேண்டும். எந்த நாய் கடித்தாலும், அதற்குச் சொறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், புண்ணைச் சோப்பும் ஓடுநீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் சென்று தடுப்பூசி போடுதல் வேண்டும்.

தெருநாயை அடித்துக் கொல்லச் சட்டம் இடந்தரவில்லை. 2023-ஆம் ஆண்டின் பிராணிகள் கருத்தடை விதிகளின்படி, தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் நடைபெறச் செய்வது ஊராட்சி முதலிய ஸ்தல ஸ்தாபனங்களின் கடமை. அம்முகாம் நடைபெறும் நாளில் சொறிக்கும் மருந்திடும்படி வைத்தியரைக் கேட்டுக்கொண்டால் செலவு சொற்பம், பலன் பெரிது. ஆட்டுப் பட்டிகளுக்கும் ஊர் முழுதும் ஒரே நாளில் மருந்திட ஏற்பாடு செய்யலாம். ஒரு பட்டியில் போக்கிய நோய் அடுத்த பட்டியிலிருந்து திரும்பி வருவது அதனால் நிற்கும்.

முடிவாக ஒன்று கூறுவேன். முதல் மருந்திட்ட நாளன்றே, வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அடுத்த மருந்துக்குரிய தேதிகளைச் சுழித்து வைத்துவிடுக. நமைச்சல் நின்றதென்று அத்தேதியைத் தவறவிடாதீர்கள். தேகமெல்லாம் புதிய உரோமம் முளைத்த காவல் நாய் மீண்டும் களத்தைச் சுற்றி வருமாயின், அதுவே உங்கள் பொறுமைக்குத் தக்க பலனாகும்.